ஃப்ரீசரில் இருக்கும் உன் காலிப் பாட்டில்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். உன் நலத்தை அம்மா தினமும் ஃபோனில் விசாரித்துக்கொள்வதால் நான் தனியாக விசாரிக்கவில்லை. இது முழுக்க முழுக்க பார்சல் சம்பந்தமான கடிதம்.

கோபித்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துப் போனாயே, போகும்போது உன் ஆராய்ச்சிக்குப் புரதம் அனுப்பும் கம்பெனிக்காரர்களிடம் விலாசத்தை மாற்றச் சொல்ல வேண்டாமா? லீவு நாளில் ஆய்வகத்தில் வாங்க ஆளில்லை என்று நீ கொடுத்து வைத்த வீட்டு விலாசத்துக்கே உன் புரதம் வந்து நிற்கிறது. ஐஸ் பைகள் அடுக்கிய அவ்வளவு பெரிய பெட்டிக்குள் சுண்டுவிரல் அளவு பாட்டில். அதற்குள் ஒன்றுமே இல்லை! வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன், குலுக்கிப் பார்த்தேன். ஆபரேஷன் செய்த புதுக் கண்ணால் அம்மாவும் பார்த்துவிட்டு, "சுத்தமா காலிங்க"ன்னா. அந்தக் கண் ஆபரேஷன் அன்றைக்குத்தானே "ஆய்வகத்துல வளர்க்கிற செல்லுக்குச் சாப்பாடு மாத்தணும்"னு நீ ஓடினதும், "பெத்தவளை விட உனக்குச் செல்லுதான் பெரிசா?"ன்னு நான் கேட்டதும். கேட்டதில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அது கிடக்கட்டும்.

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவனிடமே காலிப் பாட்டிலைத் தள்ளிவிடப் பார்க்கிறார்களே என்று கம்பெனிக்கு ஃபோன் போட்டுக் கிழி கிழி என்று கிழித்தேன். எடுத்த பெண் பொறுமைசாலி. "சார், அது காலி இல்ல. உலர வெச்ச புரதம், அடியில ஒட்டிட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தயவுசெஞ்சு மூடியைத் திறந்துடாதீங்க, ஃப்ரீசர்ல வைங்க" என்றாள். பாட்டில் லேபிளில் மேலே 'மனிதப் புரதம்' என்று போட்டுவிட்டு, கீழே 'மனிதர்களுக்கு உபயோகிக்கக் கூடாது' என்று போட்டிருக்கிறீர்களே, இது என்ன கூத்து என்றேன். "மனுஷ உடம்புல இருக்கிற புரதம்தான் சார், அதையே பாக்டீரியாவை வெச்சுத் தயாரிக்கிறோம். ஆராய்ச்சிக்கு மட்டும். அடிபட்ட இடத்துல ஒரு செல் இதை அனுப்பித்தான் மத்த செல்லைக் கூப்பிடும்."

"கூப்பிட்டா வந்துடுமா?"

"வந்துடும் சார்."

ஃபோனை வைத்துவிட்டு, பாட்டிலை என் கையாலேயே ஃப்ரீசரில் வைத்தேன்.

அன்றிலிருந்து ஃப்ரீசரை யாரையும் தொட விடுவதில்லை. எதிர்வீட்டு வக்கீல் கால் சுளுக்கி ஐஸ் கேட்டு வந்தார், இல்லைன்னுட்டேன். இப்போது நொண்டிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். நேத்து கரண்ட் போச்சு. பெட்டியைத் தூக்கிக்கிட்டு மீன் கடைக்கு ஓடினேன். "என்ன சார், வாங்க வந்தீங்களா, விக்க வந்தீங்களா?"ன்னான் கடைக்காரன். "என் பொண்ணு பாடுபட்டதெல்லாம் இதுக்குள்ளதான்பா இருக்கு, ஐஸ் போடு"ன்னேன். சிரிப்பை நிறுத்திட்டு அள்ளிப் போட்டான். பெட்டி கொஞ்சம் மீன் நாறும். பாட்டில் நாறலை, மோந்து பார்த்துட்டேன்.

'ஆள் அனுப்பி எடுத்துக்கறேன்' என்று அம்மாவிடம் சொன்னாயாமே. தாராளமாக அனுப்பு. கம்பெனியிலும் விலாசத்தை மாற்றிவிடு. இந்த வயசில் இந்த அலைச்சல் எனக்கு ஆகாது. வேளாவேளைக்குச் சாப்பிடு. அம்மாவின் ஆசீர்வாதம், என்னுடையதும் கூடவே வருகிறது.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் அந்தக் கம்பெனிப் பெண்ணே கூப்பிட்டாள், இனிமேல் பார்சலை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று. இதே வீடுதான் என்று சொல்லிவிட்டேன். யார் வந்து கேட்டாலும் பாட்டிலைக் கொடுக்க மாட்டேன். நீயே வா.