பயிற்சியாளர் றொபேர்ட்டை மாற்றக் கோரி

வைலே,
டென்மார்க்,
திங்கட்கிழமை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய தலைவர் சூசைதாசன் அண்ணை அவர்களுக்கு,

வைலேயிலிருந்து சிவானந்தன் எழுதிக்கொள்வது. நீங்கள் கும்பிடுகிற ஆண்டவரும் நான் கும்பிடுகிற முருகனும் ஒன்றுசேர்ந்து உங்கள் குடும்பத்தை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும். உங்கள் முழங்கால் இப்போது எப்படி? தேவமலர் அக்கா சுகமா? இங்கே நானும் ஞானேஸ்வரியும் மகன் சுபாங்கனும் சுகம். சுகமில்லாமல் கிடப்பது எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் உதைபந்தாட்ட அணி ஒன்றுதான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று யோசிப்பீர்கள். வாட்சப் குழுவிலிருந்து என்னை நீக்கினது நீங்கள்தானே அண்ணை, வேறு என்ன செய்ய? நான் அனுப்பிய குரல் பதிவு கொஞ்சம் நீளம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் ஒரு தூஷணமும் இருக்கவில்லை. எங்கள் முன்வரிசையில் ஒரு பசுமாட்டைக் கட்டிவிட்டிருந்தாலும் அது தற்செயலாகவாவது பந்தைக் கோலுக்குள் தள்ளியிருக்கும் என்று மட்டும்தான் சொன்னேன். நான் பிள்ளைகளை மாடு என்று பேசினதாக யாரோ உங்களுக்குக் கதை கட்டிவிட்டார்களாம். அப்படியில்லை. நான் மாட்டைத்தான் உயர்த்திச் சொன்னேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கோடையில் எங்கள் அணி எல்லா ஆட்டத்திலும் தோற்றுவிட்டது. தோற்பது பாவமில்லை, கல்லூரிக் காலத்தில் நாங்களும் தோற்றோம், தோற்றுவிட்டு ரீச்சர்மாருக்கு முகம் காட்டாமல் மதில் ஏறிப் போனோம். ஆனால் இப்படி ஒரு கோலும் அடிக்காமல் தோற்பதற்குத் தனித் திறமை வேண்டும். ஒரே ஒரு கோல் விழுந்தது, அதுவும் எதிரணிப் பிள்ளை கால் தவறித் தன் கோலுக்குள்ளேயே அடித்தது, அதற்கு எங்கள் பயிற்சியாளர் றொபேர்ட் அண்ணை கேக் வெட்டினார். அந்தக் கேக்கில் ஒரு துண்டை நானும் சாப்பிட்டேன் என்பதால் அதைப் பற்றி மேலே எழுதவில்லை. றொபேர்ட் அண்ணை உங்கள் மனைவி தேவமலர் அக்காவின் தம்பி என்பது எனக்குத் தெரியும். மனம் நோகாமல் வாசியுங்கள். அவர் கல்லூரியில் கோல்காப்பாளராக நின்றவர், நல்ல காப்பாளர், அதை நான் மறுக்கவில்லை. சிக்கல் என்னவென்றால் பந்தைக் கண்டால் இன்றைக்கும் அவருக்குப் பயம்தான் வருகிறது. பந்து எங்கள் பிள்ளையின் காலில் இருந்தால் அது எந்த நேரமும் பறிபோகலாம் என்பது அவர் சித்தாந்தம். ஆகவே பந்து கிடைத்தவுடன் பின்னுக்குக் கொடு என்று பழக்கி வைத்திருக்கிறார். எங்கள் அணிப் பிள்ளை நிதுஷன் எதிரணிக் கோலுக்கு முன்னால் தன்னந்தனியாகப் பந்தோடு நிற்பான், காப்பாளர் விழுந்து கிடப்பான், இவனோ திரும்பி ஆளைத் தேடுவான். பந்து அவனிடமிருந்து நடுவுக்கு வரும், நடுவிலிருந்து பின்வரிசைக்கு வரும், அங்கிருந்து எங்கள் காப்பாளரின் கைக்கே வந்து சேரும். பத்திரமாக வந்துவிட்டது என்று றொபேர்ட் அண்ணை கைதட்டுவார். கேட்டால் எங்கள் ஹொல்ஸ்டெப்ரோ மைதானத்துக் காற்றில் முன்னுக்கு அடிக்க ஏலாதாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறுகிறோமே, காற்று முதுகில்தானே அடிக்கிறது என்று கேட்டேன். அப்போது பந்து அளவுக்கு மிஞ்சிப் போய்விடுமாம்.

அடுத்தது இந்த வீடியோ வழக்கம். இதை யார் கொண்டுவந்தது என்று நான் விசாரிக்கவில்லை, சங்கக் கூட்டத்தில் கை உயர்த்தினவர்களில் நானும் ஒருவன். எல்லாப் பிள்ளைகளும் கொஞ்ச நேரமாவது முன்வரிசையில் விளையாட வேண்டும், அப்போதுதான் தாய்மார் வீடியோ எடுத்துக் கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்பலாம் என்று முடிவெடுத்தோம். நல்ல எண்ணம்தான். ஆனால் அதன் பலனாக எங்கள் முன்வரிசை இன்றைக்கு விளையாட்டு இடமாக இல்லாமல் கலியாண வீட்டில் மணமக்களோடு படம் எடுக்கிற மேடை மாதிரி ஆகிவிட்டது. ஒரு பிள்ளை போய் நிற்கும், எடுத்து முடிந்ததும் இறங்கும், அடுத்தது ஏறும். ஊரிலிருக்கிற கல்லூரியைக் கண்ணாலேயே காணாத பிள்ளைகள் கல்லூரியின் மானத்துக்காக ஓடுகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஓடுகிற பிள்ளையைக் கொஞ்சம் முன்னுக்கு ஓட விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

போன சனிக்கிழமை நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள், ஆனால் நீங்கள் பார்த்த பக்கம் வேறு. எதிரணிப் பிள்ளையின் கையில் பந்து பட்டது, நடுவர் ஸ்ரிபன் பெனால்ரி என்று விசில் ஊதினார். என் மகன் சுபாங்கன் பந்தை எடுத்து வைத்துவிட்டுத் தயாராக நின்றான். அவன் பெனால்ரி தவறவிட்டதை நான் கண்டதில்லை. அந்த நேரம் பார்த்து றொபேர்ட் அண்ணை எல்லாரையும் கோட்டுக்கரைக்குக் கூப்பிட்டார், யாருடைய முறை என்று பார்க்க வேண்டுமாம். நிதுஷனின் தாய் தன் தமக்கை கனடாவிலிருந்து நேரலையில் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னா. பொருளாளர் தன் பிள்ளைக்கு இந்தப் பருவத்தில் ஒரு வீடியோவும் சரியாக விழவில்லை என்றார். நீங்கள் எல்லாரையும் கேட்டு முடிவெடுப்போம் என்றீர்கள். ஸ்ரிபன் பாவம், நாங்கள் ஏதோ பிரார்த்தனை செய்கிறோம் என்று நினைத்துத் தள்ளி நின்றார், பிறகு வந்து உங்களுக்கு இந்தப் பெனால்ரி வேண்டுமா, வேண்டாமா என்று மிகவும் மரியாதையாக டேனிஷில் கேட்டார். கடைசியில் பொருளாளரின் மகன் போனான். போகிற பிள்ளையின் காதில் றொபேர்ட் அண்ணை "மெதுவாக அடி, கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்தால் ஆபத்து" என்று சொன்னதை நான் கேட்டேன். பிள்ளை சொல்வழி கேட்டான். பந்து உருண்டு போன வேகத்தில் காப்பாளர் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டிவிட்டு எடுத்திருக்கலாம்.

அப்போதுதான் நான் மைதானத்துக்குள் இறங்கினேன். இறங்கினது பிழை. ஆனால் நான் சொன்னதில் பிழையில்லை.

"றொபேர்ட் அண்ணை, இது கோல் அடிக்கிற இடம். கூட்டம் வைக்கிற இடம் இல்லை."

அவர் என்னைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னார். "சிவானந்தன், வெளியிலை நிண்டு கத்திறது லேசு. உமக்கு ஒரு பிள்ளை. எனக்குப் பதினொரு பிள்ளை, பதினொருத்தருக்கும் தாய்மார் இருக்கினம்."

இதற்குரிய பதிலைத் தேடித் தேடிப் பேசினதில்தான் அந்தக் குரல் பதிவு நீண்டது. நான் உள்ளே இறங்கினதற்கு நீங்கள் கொடுத்த தண்டனை, பருவம் முடியும்வரை நான் மைதானத்துக்குள் வரக்கூடாது. அண்ணை, குழுவிலிருந்து நீக்கினதைத் தாங்குவேன். இதைத் தாங்கமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், ஞானேஸ்வரிக்குக்கூட இதை நான் சொன்னதில்லை.

சுபாங்கன் வீட்டில் கதைக்கிறதில்லை. கெட்ட பிள்ளையில்லை, மரியாதையான பிள்ளை. நான் தமிழில் ஒரு பந்தி கேட்டால் அவன் டேனிஷில் ஒரு சொல் தருவான். நான் களஞ்சியத்தில் வேலை முடிந்து வருகிற நேரம் அவன் அறைக் கதவு சாத்தியிருக்கும். ஆனால் ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து வைலேக்கு வருகிற காரில் அவன் வேறு பிள்ளை. "அப்பா, பாத்தனீங்களே? நான் தனிய நிண்டனான், ஒருத்தரும் தரேல்லை" என்று தொடங்குவான், வழியில் ஹேர்னிங் ஊர் தாண்டியும் நிற்காது. தமிழில்தான் கதைப்பான், கோபத்தில் அவனுக்குத் தமிழ் வருகிறது. விளையாட்டில் தொடங்கித் தன் வேலையிடத்துக் கதைக்குப் போவான், படிப்பை மாற்றலாமோ என்று என்னிடம் கேட்பான், என்னிடம். அன்னா என்று தனக்கு விருப்பமான ஒரு பெண்பிள்ளை இருக்கிறதை அந்தக் காரில்தான் எனக்குச் சொன்னான். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டும் நாங்கள் இறங்காமல் இருந்திருக்கிறோம். எனக்கு என் மகனோடு இருக்கிற ஒரே இடம் அதுதான். நான் வரக்கூடாது என்றால் அவன் நிதுஷனின் காரில் போய் வருவான், நான் வீட்டில் இருந்து கதவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதை நினைக்க எனக்கு அழுகை வருகிறது அண்ணை, வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

ஆகவே தலைவர் அவர்களிடம் நான் பணிவாகக் கேட்பது, என் மேலுள்ள தடையை எடுத்துவிடுங்கள். றொபேர்ட் அண்ணையை உடனடியாக மாற்றி, முன்னுக்கு அடிக்கத் தெரிந்த யாரையாவது போடுங்கள். யாரும் இல்லாவிட்டால் ஒருவரையும் போடாமல் விடுங்கள், பிள்ளைகள் தாங்களாகவே விளையாடட்டும். தோல்வியால் இந்தப் பிள்ளைகள் படுகிற மனவேதனையை ஒரு தகப்பனாக என்னால் இனிமேல் பார்க்க முடியாது.

தேவமலர் அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். றொபேர்ட் அண்ணைக்கும் சொல்லுங்கள், அவர் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒன்றுமில்லை, எல்லாம் பந்து சம்பந்தப்பட்டது. உங்கள் முழங்கால் சுகமாகி நீங்கள் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் கல்லூரியின் மைந்தன்,
சிவானந்தன்.

பிற்குறிப்பு: இதை எழுதி முடித்துவிட்டுச் சந்தியிலிருந்த சிவப்புத் தபால் பெட்டியைத் தேடிப் போனால் அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சரி, கையிலேயே கொடுப்போம் என்று சனிக்கிழமை கொண்டுவந்தேன். தடையை மதித்து வேலிக்கு வெளியே, கார் நிறுத்துகிற இடத்தில்தான் நின்றேன். அன்றைக்கு றொபேர்ட் அண்ணை தலைநகர்ப் பக்கம் இஷொயில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போய்விட்டாராம், நடந்தது உங்களுக்குத் தெரியும். கூட்டம் வைக்க ஆளில்லாமல் பிள்ளைகள் தங்கள் பாட்டுக்கு முன்னுக்கு அடித்தார்கள், நான்கு கோல், அதில் மூன்று சுபாங்கன். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு துள்ளினதில் கடிதத்தைக் கொடுக்க மறந்துவிட்டேன். ஆட்டம் முடிந்து அவன் சிரித்துக்கொண்டே வந்து என் காரில் ஏறினான். ஏறினவுடன் காதில் பாட்டு மாட்டினான். ஹேர்னிங் வருகிறபோது நித்திரை. வீட்டு வாசலில் எழுப்பினேன், ஏற்றிவந்ததற்கு நன்றி என்று டேனிஷில் சொன்னான், டாக்சிக்காரனுக்குச் சொல்கிற மாதிரி, போய்க் கதவைச் சாத்தினான். அண்ணை, மேலே எழுதினது ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டாம், தடையையும் வைத்துக்கொள்ளுங்கள், நான் வெளியிலேயே காரோடு நிற்கிறேன். அடுத்த சனிக்கிழமை கடைசி ஆட்டம். றொபேர்ட் அண்ணையை எப்படியாவது கூட்டிவாருங்கள்.