வரப்பில் ஏறிய வரையாடு

மலையில் பிறந்தவர்களுக்குத் தங்கள் கால்மீது ஒரு கர்வம் உண்டு. எனக்கு அது தலைக்கே ஏறியிருந்தது. உடும்பஞ்சோலைக்காரி நான், சுற்றுலா வருபவர்களுக்கு வரையாடு காட்டுவது என் வேலை.

பெண் பார்க்க வந்த செந்திலை எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. பாலக்காட்டுக்குக் கிழக்கே நெல் விவசாயம். அப்பாவுக்குத்தான் தயக்கம். மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். நானும் வருவேனென்று அடம்பிடித்து ஜீப்பில் ஏறினேன், பட்டுச்சேலையோடு. (சனியும் கூடவே ஏறிக்கொண்டது.)

அவர்கள் வீட்டில் காப்பி குடிக்கும்போதே அப்பா மெல்ல ஆரம்பித்தார்: "மலையில வளந்த புள்ள. வயக்காட்டுல இவ என்னத்தச் செய்வா?"

பிறகு வயலைச் சுற்றிப் பார்க்கப் போனோம். வாய்க்கால் ஓரக் கோரை நுனியில் ஒரு கதிர்க்குருவி ஆடிக்கொண்டே கத்திக்கொண்டிருந்தது. செந்தில் அதைப் பெருமையாகக் காட்டினார்.

"இதென்ன பிரமாதம்? எங்க வரையாடு செங்குத்துப் பாறையில அசையாம நிக்கும்" என்றேன்.

"பாறை அசையாதுங்களே, நிக்கறதுக்கென்னங்க? இந்தக் கோரை மேல உங்க ஆட்டை நிக்கச் சொல்லுங்க, பாக்கலாம்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லோரும் புல் முளைத்த பழைய வரப்பில் நடக்க, பக்கத்தில் சிமெண்டு பூசியதுபோல வழவழவென்று இன்னொரு வரப்பு. அதில் ஏறினேன்.

"அம்மணி, அதுல கால வெக்காத! காலைலதான் சேறு பூசியிருக்குது!" என்று செந்திலின் அப்பா கத்தினார்.

(நடவுக்கு முன்னால் தண்ணீர் கசியாமலிருக்க வரப்புக்குச் சேறு பூசுவார்களாம். எங்கள் மலையின் ஏலக்காய்த் தோட்டத்தில் யார் இதையெல்லாம் பார்த்தது?) நான் வரையாட்டை நினைத்துக்கொண்டு குதிகாலை அழுத்தி ஊன்றினேன். வரப்பு பிளந்தது. முழங்கால்வரை சேறு. தேக்கிவைத்த தண்ணீரெல்லாம் உடைப்பு வழியே கீழ்வயலுக்கு ஓடியது.

போச்சு, கல்யாணம் போச்சு. தண்ணீரையாவது நிறுத்தலாமென்று சேற்றை அள்ளி அள்ளிப் போட்டேன். அதையும் இழுத்துக்கொண்டு போனது. வேறு வழி தெரியாமல் உடைப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தண்ணீர் நின்றது. அப்பா முகத்தை மூடிக்கொண்டார். குருவி மட்டும் வாயை மூடவில்லை.

செந்திலின் அப்பா மண்வெட்டியோடு ஓடிவந்தார். என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"வயக்காட்டுல என்ன செய்வான்னு கேட்டீங்களே, பாத்துக்கங்க சம்பந்தி. உடைப்பையே அடைக்குது!"

சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும், சேற்றில் உட்கார்ந்தபடியே சிரித்துவிட்டேன்.

இன்றைக்கும் வரப்புக்குச் சேறு பூசும் நாளில், மாமனார் ஊருக்கே கேட்கும்படி என் கணவரிடம் சொல்வார்:

"செந்திலு, மொதல்ல அந்த ஆட்டப் புடிச்சுக் கட்டு!"