வாளி நிறையக் காற்று

பழகப் பழக எதுவும் கைக்கு வரும் என்பார்கள். வரும். எங்களுக்கு நன்றாகவே வந்தது. வினையே அதில்தான்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. பேச்சும் கம்மி. பல்லாவரத்தில் ஒரு தோல் கிடங்கில் மூட்டை தூக்கினேன். குடியிருந்தது கிழக்குத் தாம்பரத்தில், மைதானத்தை ஒட்டிய ஒரு குடிசைத் தெருவில். ஆனால் ஒன்று சொல்வேன். அறுபதுகளின் கடைசியில், செங்கல்பட்டு வரைக்கும் தேடினாலும், எங்களைப் போல் பயிற்சி எடுத்த தீயணைப்புத் தொண்டர் படை கிடையாது. நடந்ததெல்லாம் நடந்த பிறகும் இதைச் சொல்வேன்.

எங்கள் தெரு முழுக்கக் கீற்றுக் கூரை. பங்குனி பிறந்தால் ஏதாவது ஒரு வீடு எரியும். அடுப்புப் பொறியோ, பீடித் துண்டோ, ஏதோ ஒன்று. தீயணைப்பு வண்டி வருவதற்குள் சாம்பல் ஆறிவிடும். (வண்டிக்காரர்களைக் குறை சொல்லவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தால் அவர்கள் பறந்தா வருவார்கள்?) அந்த வருஷம் எரிந்தது அந்தோணி வீடு. கொத்து வேலை செய்கிறவன். கல்யாணமாகி ஆறு மாசம்கூட ஆகவில்லை. மனைவியின் பெட்டியை மட்டும்தான் வெளியே இழுக்க முடிந்தது.

அதற்கு அடுத்த வாரம் படை ஆரம்பித்தோம். தலைவன் நான். குரல் பெரிசு, அதுதான் தகுதி.

ஞாயிறுதோறும் பயிற்சி. பாதிப் பேர் சர்ச்சில் பூசை முடிந்து வருவார்கள். கிணற்றடியிலிருந்து மைதானம் வரை வரிசையாக நிற்போம். முதல் ஆள் அந்தோணி. அவன் முகந்து கொடுக்க, வாளி கைமாறிக் கைமாறி வரும். கடைசி ஆள் நான். ஊற்றுவது என் வேலை.

முதல் ஞாயிறு தண்ணீரை வைத்தே பழகினோம். தெருவுக்கு ஒரே கிணறு. கோடை. என் மனைவி கன்னியம்மா குடத்தோடு வந்தவள், நனைந்து கிடந்த மைதானத்தைப் பார்த்தாள்.

"இன்னாய்யா, தரைக்குத் தாகமா?"

"பயிற்சி," என்றேன்.

"குடிக்க ஒரு சொட்டு இல்ல, இங்க ஊத்தி விளையாடிகினு கீறீங்க. இன்னொரு வாளி கொட்டிப் பாரு. அப்பால வூட்ல சோறு கேளு."

தெருப் பெண்கள் எல்லாரும் அவள் பக்கம். மறு ஞாயிறு காலி வாளியோடு நின்றோம்.

"தண்ணியே இல்லியே அண்ணா, இன்னாத்த முகக்கறது?" என்றான் அந்தோணி.

"இருக்குன்னு நினைச்சுக்கோ," என்றேன்.

படையே சிரித்தது. அதுவே எங்கள் கோஷமானது. வேகம் குறையும்போது நான், "தண்ணி இல்லடா" என்று கத்துவேன். அத்தனை பேரும் ஒரே குரலில், "இருக்குன்னு நினைச்சுக்கோ" என்பார்கள். கை பறக்கும்.

காலி வாளி என்று நான் சும்மா விடவில்லை. கனத்தைத் தூக்குகிற மாதிரி இடுப்பை வளைக்க வேண்டும். முக்க வேண்டும். தளும்பாமல் கொடுக்க வேண்டும். வாளிக்குள் பார்க்கக் கூடாது, அடுத்த ஆள் கையைத்தான் பார்க்க வேண்டும். விசில் ஊதுகிற வரைக்கும் எவனும் நிறுத்தக் கூடாது. மூட்டை தூக்கிய உடம்பு எனக்கு. எதைத் தூக்கினால் எப்படி முக்குவது என்பது தெரியும். சொல்லிக் கொடுத்தேன். (இப்போது நினைத்தால் நாடகக் கம்பெனி வைத்திருக்கலாம்.)

ஒரு ஞாயிறு தீயணைப்பு அதிகாரி ஒருவர் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். நின்றார். கடைசி வரை பார்த்தார்.

"யாருப்பா உங்களுக்கு டிரில் சொல்லித் தந்தது?"

"நான்தான் சார்."

"நல்லா இருக்கு," என்றார். அப்புறம் விஷயத்தைச் சொன்னார். விடாமல் பயிற்சி எடுக்கிற தொண்டர் படைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பாராட்டப் போகிறார்கள். ஒரு ஷீல்டு. கூடவே ஒரு கை பம்பும் ஓஸ் பைப்பும். ஒருநாள் நெருப்பு வைத்து அணைத்துக் காட்ட வேண்டும். போட்டிக்குக் கூடுவாஞ்சேரிப் படையும் இருக்கிறது.

ஷீல்டை யார் கேட்டார்கள்? பம்பு வேண்டும். பம்பு இருந்தால் கூரை உச்சி வரை தண்ணீர் போகும். வாளியால் கூரை ஓரத்துக்கு மேல் ஒன்றும் ஆகாது. அந்தோணி அப்போதுதான் மைதானத்து ஓரமாகப் புதுக் கூரை போட்டிருந்தான். அவன் மனைவிக்கு மாசம். "பம்பு வந்துட்டா நிம்மதியாத் தூங்குவேன் அண்ணா," என்றான். எனக்கு அது போதும்.

கூடுவாஞ்சேரிக்கு ரயிலேறிப் போய் அந்தப் படையைப் பார்த்தேன். ஏரியோரம் நிற்கிறார்கள். தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் வரிசை கோணல். ஒருத்தன் வாளியை வைத்துவிட்டு வெற்றிலை போடுகிறான். பாதித் தண்ணீர் வேட்டியில். சிரித்துக்கொண்டே திரும்பினேன். பம்பு நமக்குத்தான் என்று கன்னியம்மாவிடம் சொன்னேன்.

"வரட்டும், பாக்கலாம்," என்றாள்.

எங்கள் முறை வந்தது. மைதானத்தில் மூங்கில் நட்டு, பழைய கீற்று வேய்ந்து, எரிப்பதற்கென்று ஒரு குடிசை. எதிரே விருந்தாளிகளுக்குப் பந்தல். பந்தலுக்குப் பின்னால் அந்தோணி வீடு. பஞ்சாயத்து சேர்மன் காரில் வந்தார். அதிகாரி வந்தார். தெரு முழுக்க வந்தது.

அன்றைக்கு மட்டும் நிஜத் தண்ணீர். விடிந்ததிலிருந்து பெண்கள் குடம் குடமாகக் கொண்டுவந்து இரண்டு ட்ரம் நிரப்பியிருந்தார்கள். சும்மா இல்லை.

"மிச்சத் தண்ணி எங்களுக்கு. இப்பவே சொல்லிட்டேன்," என்று கன்னியம்மா சொல்லிவிட்டாள். மிச்சத்தை அள்ளிப் போவதற்காக எல்லாரும் குடத்தோடு ஓரமாக நின்றார்கள்.

அந்தோணியின் வலது கைப் பக்கம் ட்ரம்மை வைக்கச் சொல்லியிருந்தேன். கிணறு எப்போதும் அவனுக்கு அந்தப் பக்கம். ஆனால் சேர்மனின் கார் அங்கே வந்து நின்றுவிட்டது. காரை நகர்த்தச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ட்ரம்மை இடது பக்கம் உருட்டினார்கள். எனக்கு அது பெரிசாகத் தெரியவில்லை.

மரியாதைக்காக என் விசிலைச் சேர்மன் கழுத்தில் போட்டேன். "நீங்க ஊதி ஆரம்பிக்கணும் சார்." ஊதினார். குடிசைக்கு நெருப்பு வைத்தோம். காய்ந்த கீற்று, குப்பென்று பிடித்தது.

வரிசை வேலை செய்ய ஆரம்பித்தது. அப்படியொரு வரிசையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எல்லா இடுப்பும் ஒன்றாக வளைந்தன. எல்லா வாயும் ஒன்றாக முக்கின. முதல் வாளி என் கைக்கு வந்தது. காலை ஊன்றி, தோளைத் திருப்பி, வீசினேன்.

நெருப்பு அப்படியே இருந்தது.

குறி தப்பிவிட்டது என்று நினைத்தேன். இரண்டாவது வாளியை இன்னும் கிட்டப் போய் வீசினேன். மீசை பொசுங்கியது. நெருப்பு அப்படியே இருந்தது. கூட்டம் கை தட்டியது.

வாளி லேசாகத்தான் இருந்தது. ஆனால் எங்களுக்கு வாளி என்றாலே லேசாகத்தானே இருக்கும். மூன்றாவதை வீசப் போகும்போதுதான் உள்ளே பார்த்தேன். அடி தெரிந்தது. காய்ந்திருந்தது.

திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் அந்தோணி வலது பக்கம் குனிந்து, சேர்மனின் கார் சக்கரத்துக்குப் பக்கத்தில், காற்றை முகந்து முகந்து கொடுத்துக்கொண்டிருந்தான். முகத்தில் அப்படியொரு பக்தி. இடது பக்கம் இரண்டு ட்ரம்மும் தளும்பிக்கொண்டு நின்றன.

"தண்ணி இல்லடா," என்று கத்தினேன்.

படை முழுக்க ஒரே குரலில், "இருக்குன்னு நினைச்சுக்கோ."

வேகம் கூடியது.

"டேய், நிஜமாவே தண்ணி இல்லடா."

"இருக்குன்னு நினைச்சுக்கோ."

இன்னும் வேகம். காலி வாளிகள் என் காலடியில் குவிந்தன. விசில் ஊதினால்தான் நிறுத்துவார்கள். விசில் சேர்மன் கழுத்தில். புகை முகத்தில் அடித்ததும் சேர்மன் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார். ஓடிப்போய் அந்தோணியின் தோளை உலுக்கினேன், அவன் என் கையிலும் ஒரு வாளியைத் திணித்தான். கார்க் கண்ணாடியைத் தட்டினேன். அவர் உள்ளேயிருந்து கும்பிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கடல் காற்று திரும்பியது. ஒரு பொறி பந்தலில் விழுந்தது. பந்தல் ஓரம் பிடித்தது. அதற்குப் பின்னால் அந்தோணியின் புதுக் கூரை. வாசலில் அவன் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. கத்தவும் குரல் வரவில்லை.

கன்னியம்மாவுக்கு வந்தது.

"இந்த ஆம்பளைங்க கூத்து ஓயாது. வாங்கடி."

குடத்தை ட்ரம்மில் முக்கினார்கள். ஓடினார்கள். வரிசை கிடையாது, முக்கல் கிடையாது. ஒருத்தி மேல் ஒருத்தி மோதினாள். ஒருத்தி அதிகாரி மேலேயே ஒரு குடம் ஊற்றினாள். பந்தல் அணைந்தது. கூரையை நனைத்தார்கள். கடைசியாக எரிகிற குடிசையையும் அணைத்தார்கள். கன்னியம்மா மிச்சமிருந்த அரைக் குடத்தை என் தலையில் கவிழ்த்தாள்.

"இதான் தண்ணி. நல்லாப் பாத்துக்கோ," என்றாள்.

அதுவரைக்கும் படை நிறுத்தவில்லை. சேர்மன் கண்ணாடியை இறக்கி, முடிந்ததென்று நினைத்து விசில் ஊதினார். அத்தனை பேரும் விறைப்பாக நின்றார்கள். அந்தோணி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "எப்பிடி அண்ணா?" என்றான்.

சொட்டச் சொட்ட நின்ற அதிகாரி தொப்பியைக் கழற்றிப் பிழிந்தார்.

"உங்க பயிற்சியில ஒரு குறையும் சொல்ல முடியாதுப்பா," என்றார். "அதான் எனக்குப் பயமா இருக்கு."

பம்பு கூடுவாஞ்சேரிக்குப் போய்விட்டது என்று முடிவுகட்டினேன். அந்தோணி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். அதிகாரி கன்னியம்மாவைக் கூப்பிட்டார்.

"யாரும்மா உங்களுக்குச் சொல்லித் தந்தது?"

"எவன் சொல்லித் தரணும் சார். எரிஞ்சுது, ஊத்தினோம்."

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். அடுத்த மாசம் ஷீல்டும் வந்தது, பம்பும் வந்தது. ஒரு ஞாயிறும் தவறாமல் பயிற்சி எடுத்ததற்காக ஷீல்டு எங்களுக்கு. பம்பு கன்னியம்மா பொறுப்பில். அவளும் தெருப் பெண்களும் படையில் சேர வேண்டும், இனிமேல் தண்ணீரோடுதான் பழக வேண்டும் என்பது கண்டிஷன். பயிற்சித் தண்ணீருக்குப் பக்கத்து ஊர் ஏரியிலிருந்து வண்டி வைத்துத் தருவதாகச் சேர்மன் ஒத்துக்கொண்டார். (காருக்குள் இருந்து கும்பிட்டதை யாரும் வெளியே சொல்லக் கூடாது என்பது அவருடைய கண்டிஷன். இதுவரை காப்பாற்றினேன்.)

அடுத்த பங்குனியில் தெருக்கோடியில் ஒரு வீடு நிஜமாகவே பிடித்தது. கன்னியம்மா பம்பு அடித்தாள். நான் பைப்பைப் பிடித்தேன். அந்தோணி ஒவ்வொரு வாளியிலும் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தான். பாதிக் கூரை போனது. சுவரும் சாமானும் ஆட்களும் தப்பினார்கள். தீயணைப்பு வண்டி வந்தபோது (கேட் திறந்துதான் இருந்தது) எங்களுக்கு வேலை முடிந்திருந்தது. நான் சொன்னேன் அல்லவா, எங்களைப் போல் படை கிடையாது.

ஷீல்டு இன்னும் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் அது என்னவென்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கன்னியம்மா கதையை ஆரம்பித்துவிடுவாள். இடுப்பை வளைத்து முக்கியும் காட்டுவாள். என்னைவிட நன்றாகவே முக்குவாள்.

என் பெண்ணும் அம்மா மாதிரிதான். காபி கேட்டால் சில நாள் காலி டம்ளரைக் கொண்டுவந்து நீட்டுவாள்.

"காபி எங்கம்மா?"

"இருக்குன்னு நினைச்சுக்கோப்பா."

டம்ளரை இரண்டு கையாலும் வாங்குவேன், தளும்பாமல். ஊதி ஊதிக் குடிப்பேன். மீசையைத் துடைத்துக்கொள்வேன்.

"சக்கரை கம்மி," என்பேன்.