பெட்டிக்குப் பொருத்தம் பார்த்த டெக் அண்ணை

வன்னிப் பெருநிலப்பரப்பில் மனம் வெறுத்துப் போவதை முழுநேரத் தொழிலாகச் செய்த மனிதர் ஒருவர்தான். வட்டக்கச்சியில் எங்கள் வீதியில், என் வீட்டிலிருந்து நான்காவது வீட்டில் இருக்கிறார். நெல் விதைத்தால் மழை வராது என்பார். மழை வந்தால் வெள்ளம் வரும் என்பார். வெள்ளமும் வராமல் வயல் நன்றாக விளைந்துவிட்டால், "இனி உந்த நெல்லை ஆர் வாங்கப் போறான்?" என்று வரம்பில் குந்திவிடுவார். ஆனாலும் ஒரு போகத்தைக்கூட அவர் விதைக்காமல் விட்டதில்லை. இது எனக்கு நெடுங்காலம் விளங்கவேயில்லை.

எல்லோருக்கும் அவர் டெக் அண்ணை. ஊரில் கரண்ட் இல்லாத காலத்தில் ரீவி, வீடியோக் கசற் ஓட்டும் டெக், ஜெனரேற்றர் மூன்றையும் ஒரே சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் படம் காட்டியவர். டெக் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் கிராம அலுவலருக்குத் தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரியாது.

டெக்கின் இடத்துக்கு இப்போது ஒரு கொம்பியூட்டர் வந்திருக்கிறது. கழித்துவிட்ட நாலு கொம்பியூட்டர்களின் பாகங்களைச் சேர்த்து அவரே பூட்டியது. விறாந்தையில் பெரிய ரீவிக்குக் கீழே, சின்ன மேசையில் இருக்கிறது. சூடு தாங்காது என்று அதன் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து, ஒரு மேசை விசிறியையும் அதைப் பார்த்தே திருப்பி விட்டிருக்கிறார். வீட்டு மனிதர்களுக்கு விசிறி கிடையாது. கொம்பியூட்டரை அவர் போட்டால் நாலு வீடு தள்ளியிருக்கும் எனக்கு, யாரோ கிணற்றில் தண்ணீர் இறைக்கும் மெசினை இயக்குகிறார்கள் போலக் கேட்கும். வீதியில் நடந்த அத்தனை கலியாணமும் பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கும் பழைய கசற்றுகளிலிருந்து பிரதியெடுக்கப்பட்டு அதற்குள் கிடக்கின்றன.

அப்படியிருக்க, கனடாவில் இருக்கும் அவருடைய ஒரே மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. அண்ணையும் மனைவி மணியக்காவும் போவதற்கு விசாவுக்கு எழுதினார்கள். விசா மறுக்கப்பட்டது. "நான் அப்பவே சொன்னனான்" என்றார் அண்ணை. மகள் போனில் அழுதுவிட்டு, கலியாணத்தை இன்ரநெற்றில் நேரடியாகப் போடுவதாகச் சொன்னாள்.

மணியக்காவுக்குக் கண்ணில் வெண்புரை. போனில் முகம் காட்டினால், "ஆரோ நிக்கினம், ஆரெண்டு தெரியேல்ல" என்பார். அவர் கேட்டது ஒன்றுதான்.

"என்ர பிள்ளையின்ர கழுத்தில தாலி ஏறுறதை நான் பாக்கவேணும். பெரிசாப் பாக்கவேணும். வேற ஒண்டும் வேண்டாம்."

கலியாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது.

மகள் ஒருநாள் ஒத்திகை பார்க்க அங்கிருந்து இன்ரநெற்றில் நேரடியாக வந்தாள். நானும் போயிருந்தேன். கொம்பியூட்டரில் முதலில் "அப்பா" என்ற குரல் வந்தது. நாங்கள் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும் நேரத்தில் வாய் அசைந்தது. பிறகு பிள்ளை ஒரு கண் மூடியபடி அப்படியே நின்றுவிட்டாள். எவ்வளவு தட்டியும் மற்றக் கண் திறக்கவில்லை.

"உதுக்கு வயது போட்டுது, தம்பி. இருக்கிறதைக் காட்டும். நேரடியா வாறதை உடனுக்குடன் காட்ட மூச்சில்லை. இதுக்குத் துணையா ஒரு இன்ரநெற் பெட்டி எடுக்கவேணும். பெட்டி காட்டட்டும், கொம்பியூட்டர் ஆறுதலா இழுத்துப் பதிஞ்சு வைக்கட்டும்" என்றார் அண்ணை.

இப்படித்தான் எனக்குச் சனி பிடித்தது. நான் வேலை செய்யும் கந்தோரில் ஒருமுறை பிரிண்டருக்குள் சிக்கிய கடதாசியை நான் இழுத்து எடுத்திருக்கிறேன். அன்று முதல் வட்டக்கச்சியில் நான் கொம்பியூட்டர் தெரிந்தவன்.

உள்ளங்கை அளவான ஒரு பெட்டியை வாங்கி, ரீவியில் செருகிப் பார்க்க வேண்டியதுதான். வேறு யாராக இருந்தாலும் ஒரு பின்னேரத்தில் முடிகிற வேலை. டெக் அண்ணை நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, பெட்டிக்கும் கொம்பியூட்டருக்கும் பத்துப் பொருத்தம் எழுதினார். வயர் பொருத்தம், றிமோட் பொருத்தம், சூட்டுப் பொருத்தம், கொம்பியூட்டருக்குள் இருக்கிற படத்தை இது வாசிக்குமா என்ற பொருத்தம், கரண்ட் போய் வந்தால் குணம் மாறுமா என்ற பொருத்தம் என்று அது போனது.

கிளிநொச்சியில் முதல் கடை. கடைக்காரர் கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார்.

"இதுக்குக் கரண்ட் போனா என்ன நடக்கும்?"

"நிக்கும், ஐயா."

"திரும்பி வந்தா?"

"திரும்ப வேலை செய்யும்."

"விட்ட இடத்தில இருந்தோ?"

"நேரடியா வாறது எண்டா விட்டது விட்டதுதான், ஐயா."

"அந்த நேரம் பாத்துத் தாலி கட்டினா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். கறுப்புப் பெட்டி கழிந்தது.

அடுத்தது, கொழும்பிலிருந்து லீவுக்கு வந்த அயலவர் பார்க்கக் கொடுத்த உருண்டைப் பெட்டி. அதை அண்ணை நடு மத்தியானத்தில் தகரக் கூரையில் ஒரு மணித்தியாலம் வைத்துவிட்டு இறக்கினார். "கை வைக்கேலாது. சுடுது. சரிவராது."

"அண்ணை, ஆரும் இதைக் கூரையில வைக்கிறேல்ல."

"சித்திரை மாசம் எங்கட விறாந்தைக்க வந்து இருந்து பாரும். பிறகு கதையும்."

அயலவர் பெட்டியை வாங்கிக்கொண்டு போனவர், அந்த லீவு முடியும்வரை எங்கள் இருவருடனும் கதைக்கவில்லை.

பிறகு வவுனியாவுக்குப் போனோம். போகும்போது நம்பிக்கையோடு பத்துப் பொருத்தம். வரும்போது கையில் ஒன்றும் இல்லை. பஸ் புளியங்குளம் தாண்டியதும் அண்ணை கொப்பியை விரித்து, அங்கே பார்த்த மூன்றையும் வாசிக்கத் தொடங்கினார். "முதலாவது ஆள் சின்னன், ஆனா சூடு கூடினாச் சுணங்குவான். ரெண்டாவது ஆளுக்குத் திறம் இருக்கு, எங்கட பழைய சாமானோட ஒத்துவரமாட்டான். மூண்டாவது ஆள் சொன்னால் கேப்பான், கரண்ட் போனாத்தான் எல்லாத்தையும் மறந்துபோவான்." முன் சீற்றில் இருந்த அம்மா ஒருவர் பொறுக்க முடியாமல் திரும்பினார். "மூண்டும் வேண்டாம் ஐயா, பிள்ளை பாவம்" என்றார். அண்ணை அந்த ஆலோசனையையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மணியக்கா கேட்டார், "எடுத்தாச்சோ?"

"ஏழு பொருத்தம்தான் இருக்கு."

"மகளுக்கு மாப்பிளை பாக்கேக்க நீங்கள் ரெண்டே ரெண்டு கேள்விதான் கேட்டனியள். உந்தச் செத்த பெட்டிக்குப் பத்துப் பொருத்தமோ?"

இப்படியே பன்னிரண்டு கடை, இருபத்திரண்டு பக்கம், பத்துக் கிழமை போனது. சனிக்கிழமை வந்தால் நான் குசினிக்குள் அடுப்புக்குப் பின்னால் ஒளிக்கப் பழகினேன். "சரிவராது" என்ற சொல்லைக் கனவிலும் கேட்டேன். கடைசியில் மணியக்கா கொப்பியை எடுத்துக் கதிரையில் எறிந்தார். "நீங்கள் பெட்டி தெரிஞ்செடுக்கிறதுக்கிடையில என்ர பிள்ளையின்ர கலியாணம் முடிஞ்சுபோம். எனக்குப் பாக்கக் கிடைக்காது. எனக்குத் தெரியும்" என்றார். வழமையாக அண்ணை பேசுகிற பேச்சு அது. அக்காவின் வாயிலிருந்து கேட்டபோது எனக்குப் பயமாகப் போய்விட்டது.

அன்று பின்னேரம் வயலுக்கே தேடிப் போய், என் வாழ்நாளில் முதன்முறையாக டெக் அண்ணையை ஏசினேன். "நீங்கள் மனிசரோ? அந்த மனிசி ஒண்டைத்தானே கேட்டவா?"

அவர் மண்வெட்டியை வரம்பில் வைத்தார்.

"தம்பி, விசாவுக்குத் திரும்ப எழுதியிருக்கிறன். அவவுக்குச் சொல்லேல்ல. மறுமொழி இன்னும் வரேல்ல. பெட்டியை வாங்கி வைச்சா, நாங்கள் போகப் போறேல்ல எண்டு நானே முடிவு கட்டினதா ஆகிடும். அதுதான் ஒவ்வொண்டிலயும் ஒரு பிழை கண்டுபிடிச்சு..."

வயல் தண்ணீருக்குள் குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கி வரம்பில் எறிந்தார். நம்பிக்கையே இல்லாத மனிதர் என்று ஊர் சிரித்த ஒருவர், இரண்டரை மாதமாக ஊருக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தது நம்பிக்கையைத்தான். ஏசியதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது. மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மறுமொழி வந்தது. அண்ணை நேரே என் கந்தோருக்கு வந்து, "வாரும்" என்றார். முகத்தைப் பார்த்ததும் இந்த முறையும் விசா இல்லை என்று விளங்கிவிட்டது. அதே முதல் கடைக்குப் போனோம். அதே கறுப்புப் பெட்டி. கடைக்காரர் பாவம், கரண்ட் போனால் என்ன நடக்கும் என்று தானாகவே விளக்கத் தொடங்கினார்.

"தேவையில்லை. கட்டித் தாங்கோ" என்றார் அண்ணை.

இனியாவது செருகிப் பார்ப்பார் என்று நினைத்தேன். மங்கல காரியத்துக்கு வாங்கிய பெட்டியாம், கரிநாளில் திறக்கக்கூடாதாம். பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் கலியாண நாள் பின்னேரம்தான் வந்தது. திறந்தோம். கொம்பியூட்டர் ரீவியோடு பொருந்துவது பழைய நீலத் தலை வயரில். பெட்டிக்கு வேண்டியது ரீவியின் பின்னால் இருக்கும் மற்ற ஓட்டை. அப்படி இருந்த இரண்டில் ஒன்று முந்தின மாரியில் இடி விழுந்து கருகியிருந்தது. மற்றது ஆடும் பல்லாக இருந்தது. வயரைச் செருகினால் படம் வரும், கையை எடுத்தால் போகும். கடதாசி மடித்து வைத்தோம், தும்புக் கயிற்றால் கட்டினோம், ஈர்க்கு செருகினோம். ஒன்றுக்கும் நிற்கவில்லை. அண்ணையின் பெருவிரலுக்கு மட்டும் நின்றது. வீதியில் மற்ற வீடுகளில் இருந்தவை பழைய ரீவிகள், அந்த ஓட்டையே இல்லாதவை.

"இருபத்திரண்டு பக்கம் எழுதினனான், தம்பி. ரீவியின்ர பின்பக்கத்தை ஒருக்கால் பாக்கேல்லையே!"

அவர்களுக்குக் காலை, எங்களுக்குப் பொழுதுபட்ட நேரம். ரீவிக்கு முன்னால் நிறைகுடம் வைத்து விளக்கேற்றியிருந்தார்கள். மணியக்கா கலியாணத்துக்குப் போடவென்று எடுத்த பட்டுச்சேலையோடு முன் கதிரையில் இருந்தார். அயல் சனம் முழுக்க வந்திருந்தது. பட்டு வேட்டியும் சால்வையுமாக மணப்பெண்ணின் தகப்பன் ரீவிக்கும் சுவருக்கும் இடையிலான ஒரு முழ இடைவெளிக்குள் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, நான் பிடிக்கிறன். நீங்கள் வந்து பாருங்கோ."

"வேண்டாம். விரல் மாறினா விட்டிடும். அவ பாக்கட்டும். கொம்பியூட்டர் பதியுதுதானே, நான் பிறகு பாப்பன்."

படம் கண்ணாடி போல வந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்து அவருக்குச் சொன்னேன். பிள்ளை வாறா அண்ணை. கூறைச்சேலை சிவப்பு அண்ணை. ஐயர் தாலியை எல்லாருக்கும் காட்டுறார் அண்ணை. கெட்டிமேளம் அவருக்கே கேட்டது.

"ஏறிட்டுதோ?"

"ஏறிட்டுது அண்ணை. அக்கா வடிவாப் பாத்தவா."

பிறகு அறுகரிசி போடுகிற நேரம் வந்தது. அங்கே பெரியவர்கள் ஒவ்வொருவராக மணமக்களுக்குப் போடத் தொடங்க, மணியக்கா எழும்பினார். பாலில் நனைத்த அரிசியும் அறுகம்புல்லும் தட்டத்தில் ஆயத்தமாக இருந்தது எனக்குத் தெரியாது. முறைப்படி பாதம், முழங்கால், தோள், தலை என்று தொட்டுப் போடவேண்டும். கமராக்காரர் முகங்களை மட்டும் காட்டியதால் அக்கா பிள்ளையின் பாதத்தையும் முழங்காலையும் ரீவிக்குக் கீழே ஒரு ஊகத்தில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் அயல் சனமும் வரிசையில் வந்தது. அத்தனை பேரின் ஆசீர்வாதமும் திரையில் பட்டு வழுக்கி, பக்கத் தகடு இல்லாத கொம்பியூட்டருக்குள் இறங்கியது. நான் கத்துவதற்குள் கறகற என்று அரைத்து, டப் என்றொரு சத்தத்தோடு அது அடங்கிவிட்டது.

"என்ன தம்பி சத்தம்?"

"கொம்பியூட்டர் போச்சு, அண்ணை."

ஒரு பாட்டம் ஒப்பாரியை எதிர்பார்த்து நின்றேன்.

"போகட்டும். படம் நிக்குதோ?"

"நிக்குது, அண்ணை."

அப்போதுதான் மகள் கமராவுக்கு நேரே வந்தாள். "அப்பா, அம்மா, எங்களை ஆசீர்வதியுங்கோ" என்றாள். மணமக்கள் இருவரும் அங்கேயே கமராவுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்கள். மணியக்கா இரண்டு கையையும் திரையில் வைத்துக்கொண்டு அழுதார். ரீவியின் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் மெல்ல மேலே எழும்பி, மேல் விளிம்பைத் தாண்டி, எங்கே என்று தெரியாமல் தடவி, பிள்ளையின் தலைக்கு நேரே வந்து நின்றது.

"தம்பி, பிள்ளை அழுகிறாளோ?"

முகப்பூச்செல்லாம் கரைய அவள் விம்மிக்கொண்டிருந்தாள்.

"இல்லை அண்ணை, சிரிக்கிறா."

பன்னிரண்டு கடைக்காரரில் ஒருவரையும் நம்பாத மனிதர். "அப்ப நல்லது, தம்பி" என்றார். கையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சநேரம் அது அங்கேயே இருக்கட்டும் என்று, நானும் கூறையின் கரையில் எத்தனை வரி என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே நின்றேன்.