மாமனார் கிணற்றில் பாதரசம்

நிச்சயதார்த்தம் முடிந்து கல்யாணத்துக்குக் காத்திருக்கும் இளைஞன் கையில் நுட்பமான கருவி எதையும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

எண்பதுகளின் நடுவில் வேங்கிக்கால் பக்கம் ஒரு சின்னப் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. தண்ணீரிலும் மண்ணிலும் பாதரசம் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி ஒன்று அங்கே புதிதாக வந்திருந்தது. மண்ணென்றால் முதலில் அமிலத்தில் வேகவைத்துக் கரைக்க வேண்டும். தண்ணீருக்கு அந்தப் பாடு கம்மி. பிறகு ஒரு மருந்தைச் சேர்த்தால் உள்ளே இருக்கும் பாதரசம் ஆவியாகக் கிளம்பும். ஒரு சின்ன பம்பு அறைக் காற்றை இழுத்து, அந்த ஆவியை விளக்கு வெளிச்சத்தின் குறுக்கே தள்ளும். பாதரசம் எவ்வளவோ அவ்வளவு முள் ஏறும். (இவ்வளவையும் நிச்சயதார்த்தப் பந்தியில் மாமனாருக்கு விளக்கினேன். பாயசம் வரவில்லை, அவரால் எழுந்து போக முடியவில்லை.)

மாமனார் அடி அண்ணாமலையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் விவசாயி. "அப்படீன்னா நம்ம கெணத்துத் தண்ணியயும் பாத்துச் சொல்லுங்க மாப்ள," என்று மரியாதைக்குச் சொல்லிவைத்தார். நான் மறுநாளே போய் ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு டப்பா கிணற்றடிச் சேறும் எடுத்து வந்துவிட்டேன்.

முள் ஏறியது. தண்ணீரிலும் பாதரசம், சேற்றிலும் பாதரசம், இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. மூளை உள்ளவன் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பான். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், பத்துப் பேர் குடத்தோடு நிற்கும்போது கிணற்றடியிலேயே அறிவித்தேன்.

மறுநாள் அந்தக் கிணற்றில் ஒரு குடம்கூட இறங்கவில்லை. சேதி என் அம்மாவையும் எட்டிவிட்டது.

"பாதரசத் தண்ணி குடிச்சு வளந்த பொண்ணு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பாக்கறது? இந்த சம்பந்தம் வேணாம்டா," என்றாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண்ணை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் முள் பொய் சொல்லுமா?

மூன்றாம் நாள் மாமனார் புதிதாகத் தண்ணீரும் சேறும் எடுத்துக்கொண்டு பரிசோதனைக்கூடத்துக்கே வந்தார். கூடவே அவர் பெண் மங்கை, எனக்கு நிச்சயமானவள், டீச்சர் டிரெயினிங் முடித்தவள். "கண்ணால பாக்கணும்ங்கறா," என்றார். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நான் கருவியைப் பார்த்தேன்.

குனிந்து பாட்டிலை மாட்டினேன். முள் ஏறியது.

"எதுவுமே இல்லாத சுத்தத் தண்ணி வெச்சுப் பாத்தீங்களா?" என்று மங்கை கேட்டாள்.

முதலில் செய்ய வேண்டியதே அதுதான். அவசரத்தில் விட்டிருந்தேன். (இதை வாய்விட்டு ஒத்துக்கொள்ளப் பத்து வருஷம் ஆயிற்று.) காய்ச்சி வடித்த தண்ணீரை மாட்டினேன். முள் ஜம்மென்று ஏறியது.

மங்கை முள்ளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க." தள்ளி நின்றேன். இறங்கியது.

"இப்ப குனிங்க." குனிந்தேன். ஏறியது.

வீட்டுப்பாடம் எழுதாத பையனுக்குத் தோப்புக்கரணம் போல, நாலு தடவை குனிந்து நிமிர வைத்தாள்.

"சட்டைக்குள்ள இன்னா வெச்சிருக்கீங்க?" என்றார் மாமனார்.

கழுத்துக் கயிற்றை வெளியே இழுத்தேன். ரசமணி. பாதரசத்தைக் கெட்டியாக்கி உருட்டிய மணி. கல்யாணம் தடையில்லாமல் நடக்கட்டும் என்று, பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் ஒரு சாமியாரிடம் வாங்கி அம்மா கட்டிவிட்டது. நான் குனியும்போதெல்லாம் அது பம்பு காற்றை இழுக்கும் வாய்க்கு நேரே தொங்கியிருக்கிறது.

மணியை வெளியே வேப்பமரத்தில் மாட்டிவிட்டு, ஜன்னலையெல்லாம் திறந்து வைத்து, எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தேன். தண்ணீருக்கும் முள் அசையவில்லை, சேற்றுக்கும் அசையவில்லை.

மாமனார் திட்டவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அதன்படி, அதே பத்துப் பேருக்கு முன்னால் அந்தக் கிணற்றடியில் நின்று ஒரு சொம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துக் காட்டினேன். அம்மாவிடம் அவரே போய் விஷயத்தைச் சொன்னார். அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "பாத்தீங்களா, மணி கட்டினதாலதான் தடை வெலகிச்சு," என்றாள்.

கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் எது ஜாஸ்தி காட்டினாலும், கரண்ட் மீட்டரோ, பேரனுக்கு வைத்த தெர்மாமீட்டரோ, மங்கை சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாள்:

"அவரத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு மறுபடியும் பாருங்க."