சிலைக்கு இடப்பக்கம்

காலை ஐந்தரைக்கு எழுந்தாள். பல் துலக்கினாள். குளித்தாள். காபி குடித்தாள். கண்ணாடி முன் நின்று தலை வாரினாள். கண்ணாடிக்குள் இருப்பவளின் வலது கை எது என்று சற்று யோசித்தாள்.

வாழ்க அவள். மாதிரித்தேர்வு மலைகள் தொண்ணூறை ஏறி இறங்கியவள், இயற்பியல் யானையை மேசைக்காலில் கட்டிப்போட்டவள், ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசானின் ஒரே மகள், மருத்துவ நுழைவுத்தேர்வெனும் கோட்டைமேல் இரண்டாம் முறையாகப் படையெடுக்கும் பேனாமுனைப் பெருவீராங்கனை.

சென்ற ஆண்டு அவளை வீழ்த்தியது ஒரே ஒரு படம். அம்பு காட்டும் இதய அறை எது என்று கேட்டது. அம்பு படத்தின் வலப்பக்கம் தைத்திருந்தது; வலது கீழறை என்றாள். ஆனால் படத்திலிருப்பது நம்மை நோக்கி நிற்பவரின் இதயம். அவருடைய இடது, நமக்கு வலது. அந்த ஒரு கேள்வியில் போயிற்று கல்லூரி. இன்னும் ஒரே ஒருமுறை என்று வீடு சம்மதித்தது.

அன்றே சூளுரைத்தாள்: எதிரில் எது நின்றாலும் இனி அதன் இடதே இடது, அதன் வலதே வலது. ஓராண்டு வழுவாத விரதம். உப்பு அலமாரியின் வலது கோடியில் இருக்கிறதென்று அவள் சொல்ல, தாய் கைநீட்டி எடுத்து முட்டைமேல் தூவியது சர்க்கரை.

"ஒன்னாங்கிளாஸ்ல படிச்சதையும் மறந்துட்டா," என்றாள் அம்மா. "நாளைக்கு எந்தக் கண்ணை அறுக்கப் போறாளோ."

போர்நாள் விடிந்தது. ஓட்டுநர் பயிற்சிப்பள்ளியின் மஞ்சள் தேரைத் தந்தை செலுத்த, ஆசான் அமரும் பக்கத்து இருக்கையில், காலடியில் இரண்டாம் பிரேக் மின்ன, வீற்றிருந்தாள் மகள். ஒன்பது மணிக்குத் தேர்வுக்கூடக் கதவு மூடிவிடும். முந்தின நாளே வேவு பார்த்து அவள் எழுதிய சீட்டைத் தந்தை வாங்கிப் படித்தார்: குதிரை வீரன் சிலை, இடது. தேர் இடப்பக்கம் பாய்ந்தது. டைல்ஸ் கடைகள் பின்னோடின, மரக்கடைகள் பின்னோடின, எட்டே முக்காலுக்குச் சாலையே தீர்ந்துபோய், படைமறித்த பகைவேந்தன் போல் எழுந்து நின்றது ஒரு மதிற்சுவர்.

இரண்டாம் பிரேக்கை மிதித்தாள் வீராங்கனை.

"யாரோட லெஃப்ட்டும்மா எழுதியிருக்க?"

"சிலையோடதுப்பா."

சிக்னல் போடாமல் வண்டி திருப்பியவர்களை முப்பதாண்டுகள் வைதுதீர்த்த அந்த உத்தமர், சிக்னல் போடாமல் வண்டியைத் திருப்பினார். புழுதி வானை மறைத்தது. இருபுறமும் ஒலிப்பான்கள் சங்கென முழங்கின. சிலையின் உண்மையான இடப்பக்கம் புகுந்த தேர், எட்டு ஐம்பத்தெட்டுக்கு வாயிலை அடைந்தது. பாதி மூடிய கதவின் இடைவெளியில், உறையிலிருந்து உருவிய வாள்போல் நுழைந்தாள் அவள்.

அறுபத்து மூன்றாம் கேள்வியில் காத்திருந்தது பழம்பகை: அதே இதயம், அதே வலப்பக்க அம்பு. இடது கீழறை என்று ஒரே வீச்சில் வட்டத்தைக் கருமையாக்கினாள்.

மதியம் வெளியே வந்து காரில் ஏறி, பெல்ட்டை மாட்டினாள். அப்பா வண்டியைக் கிளப்பிச் சிலைவரை வந்து, எந்தப் பக்கம் என்பதுபோல் அவளைப் பார்த்தார்.

"லெஃப்ட்ல போங்கப்பா. உங்க லெஃப்ட்."