கீரியில் நான் எல்லாரையும் மன்னித்த கதை

ஒரு வீட்டில் எத்தனை பாவிகள் இருந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம். புதிதாகப் புனிதமடைந்த ஒருத்தி இருந்தால், அந்த வீட்டில் சோறுகூடச் சூடாகச் சாப்பிட முடியாது. அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஒருத்தி நான்தான்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை மன்னார்க் கரையோரம் கீரியில் எங்கள் வீட்டில் போனும் கையுமாகப் படுத்துக் கிடந்த காலம் அது. அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் கோயில் பங்கில் இளையோர் முகாமுக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டார். தன் வாழ்க்கையில் செய்த பெரிய பிழைகளில் இதைத்தான் அம்மா இன்றைக்கும் இரண்டாவதாகச் சொல்வார். முதலாவது என்ன என்று நாங்கள் கேட்பதில்லை. அநேகமாக அப்பா பக்கத்தில் இருப்பார்.

முகாம் வெள்ளாங்குளம் பக்கத்தில் ஒரு தியான வீட்டில் நடந்தது. போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். குருமடத்தில் படிக்கும் ஒரு பிறதர் எங்களை நடத்தினார். கிற்றார் வாசிப்பார், மெல்லப் பேசுவார். (அந்த முகாமில் பக்தி அதிகமாக இருந்ததற்கு அவருடைய கன்னக்குழியும் ஒரு காரணம். இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை.) ஒரு நாள் ஆளுக்கொரு கல்லைப் பொறுக்கச் சொன்னார். அந்தக் கல்தான் நாங்கள் மன்னிக்க முடியாத ஆள். நாள் முழுக்க அதைச் சுமந்து திரிந்துவிட்டு, பின்னேரம் மனதுக்குள் மன்னித்து எறிந்துவிட வேண்டும்.

எல்லாரும் அழுதார்கள். ஒருத்தி தன்னுடைய சின்னம்மாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு திரிந்தாள். நான் புளியங்கொட்டை அளவில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு யோசித்தேன், யோசித்தேன், ஒரு முகமும் வரவில்லை. எனக்கென்று ஒரு விரோதி இல்லை. சபையில் எல்லாரும் தேம்பும்போது நான் மட்டும் மரம் மாதிரி நிற்பது வெட்கமாக இருந்தது. அதனால் வீட்டாரின் விரோதிகளை இரவல் வாங்கினேன்.

விரோதிகள் என்றால் வேறு யாருமில்லை, பக்கத்து வீட்டு அந்தோனி மாமாவும் பிலோமினா மாமியும். பகலில் அந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் வேலிதான் உண்டு, வித்தியாசம் கிடையாது. அப்பாவிடம் போட் இருந்தது, மாமாவிடம் எஞ்சின் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பூட்டி இருவரும் ஒன்றாகத்தான் கடல் தொழிலுக்குப் போனார்கள். மாமியின் கறி இங்கே வரும், அம்மாவின் கறி அங்கே போகும். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் மட்டும் அம்மாவும் அப்பாவும் அவர்களைப் பிரித்து மேய்வார்கள். அங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அதனால்தான் அத்தனை வருசம் ஒற்றுமையாக இருந்தோம்.

பிறதர் மனதுக்குள் மன்னிக்கத்தான் சொன்னார். எனக்கு அது போதவில்லை.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக, சாப்பாட்டுக்கு முன் செபத்தைத் தொடங்கினேன். முன்பும் செபம் உண்டு, சிலுவை போடும் நேரத்துக்குள் முடிந்துவிடும். நான் மீனுக்கும் கடலுக்கும் வலை பின்னியவருக்கும் அகில உலகத்துக்கும் மன்றாடினேன். கடலில் கிடந்து பசியோடு வந்த அப்பா ஒரு கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தார். "இவளைத் திருப்பி எடுக்க மாட்டினமோ?" என்று மட்டும் கேட்டார். அவரையும் அங்கேயே மன்னித்தேன்.

ஒக்டோபர் மாதம் எங்கள் தெருவில் மாதா சுரூபம் வீடு வீடாக வரும். செபமாலை சொல்லி, அவித்த கடலையும் தேத்தண்ணியும் கொடுத்து, அடுத்த நாள் அடுத்த வீட்டுக்குச் சுரூபத்தை அனுப்ப வேண்டும். எங்கள் முறை வந்த பின்னேரம் தெருவே எங்கள் முற்றத்தில் இருந்தது. செபமாலை முடிந்து கடலை கைமாறிக்கொண்டிருந்தபோது நான் எழுந்தேன். சாட்சியம் சொல்லப்போகிறாள் என்று அம்மா பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். பாவம்.

"பிலோமினா மாமி, எங்கட குடும்பத்தின்ர சார்பில நான் உங்களை மனசார மன்னிக்கிறன்."

மாமியின் வாயில் கடலை அப்படியே நின்றது. "என்னத்துக்குப் பிள்ளை?" என்றார்.

இந்த இடத்தில் மயங்கி விழுந்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். நல்ல ஆரோக்கியம், விழவில்லை. காயப்போட்ட எங்கள் கருவாட்டை எடுத்ததற்காக மன்னித்தேன். என் அக்காவுக்குப் பேசி வந்த சம்மந்தத்தை, மாப்பிள்ளை வீட்டில் போய்க் கோள் சொல்லிக் குழப்பியதற்காக மன்னித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். சத்தியத்துக்காகப் பாடுபடுகிறேன் என்று நினைத்து மாமா பக்கம் திரும்பி, நாரி நோ, இடுப்பை அசைக்க முடியவில்லை என்று பொய் சொல்லி அப்பாவைத் தனியே வலை இழுக்க விட்டதற்காக அவரையும் மன்னித்தேன். அப்பா தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார்.

மாமி கடலையை விழுங்கினார். கையைச் சீலையில் துடைத்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"நத்தார்ப் பண்டிகைக்கு நான் அனுப்பின கேக்கைக் கழுதைக்குப் போட்டனீங்கள். வேலிக்கால பார்த்துக்கொண்டுதான் நிண்டனான். நானும் உங்களை மன்னிக்கிறன்."

(கழுதையும் பாதியோடு விட்டுவிட்டுப் போனதை நான் சொல்லவில்லை. முகாமில் படித்த நாவடக்கம் அந்த ஒரு இடத்தில்தான் உதவியது.)

அதற்குப் பிறகு முற்றத்தில் பரிசுத்த ஆவி இறங்கியதுபோல ஆளாளுக்கு மன்னிக்கத் தொடங்கினார்கள். கோழி களவெடுத்தவர்களை, கோயில் திருநாளில் முன் கதிரையைப் பிடித்தவர்களை, வெளிநாட்டுப் பார்சலை ஒளித்து வைத்தவர்களையெல்லாம் மன்னித்தார்கள். செபமாலையை நடத்த வந்த பெண் நிலைமையைச் சமாளிக்க மாதா பாட்டொன்றை எடுத்தார். ஒருவரும் சேர்ந்து பாடவில்லை.

மறுநாள் காலையில் அந்தோனி மாமா கரைக்கு வந்து எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அத்தனை பாரத்தையும் தனியே தூக்கிக்கொண்டு போனார். அப்பா அம்மாவிடம் திரும்பி, "பார்த்தனீரே, எங்க நாரி நோ?" என்றார். தொழில் போன கவலையை விடச் சந்தேகம் சரியாய்ப்போன சந்தோசம் அவருக்கு ஒரு நிமிடம் பெரிதாக இருந்தது. ஒரே ஒரு நிமிடம்தான்.

மாரி தொடங்குமுன் கடைசி நல்ல நாட்கள் அவை. மற்றவர்களின் போட்டுகள் நண்டும் மீனுமாக வந்து சேர்ந்தன. எங்கள் போட்டின் நிழலில் தெருக் கழுதைகள் படுத்திருந்தன. அப்பா கிழியாத வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் பருப்பும் சம்பலும்தான். நான் செபத்தைச் சுருக்கிவிட்டேன், நன்றி சொல்வதற்கு அதிகமாக ஒன்றுமில்லை. அக்கா என்னோடு பேசவேயில்லை. குழம்பிய சம்மந்தம் வீட்டோடு இருந்தது, நான் அதைத் தெரு முழுக்கக் கடலையோடு சேர்த்துப் பரிமாறிவிட்டேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்ததைப் பார்த்தபோதுதான், நான் புனிதை இல்லையோ என்ற சந்தேகம் முதன்முதலாக வந்தது.

பங்குச் சுவாமி இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசப் பார்த்தார். ஒருவரையொருவர் மன்னித்துவிடுங்கள் என்றார். "நாங்கள் அண்டைக்கே மன்னிச்சிட்டம் சுவாமி," என்றார் மாமி. அம்மாவும் அதையே சொன்னார். சுவாமி வேதாகமத்தை மூடி வைத்தார்.

கடைசியில் நானே வேலியைத் தாண்டிப் போனேன். மாமி குசினி வாசலில் நண்டு துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். (விலைக்கு வாங்கிய நண்டு. கடல் தொழிலாளி வீட்டுக்கு அதைவிட அவமானம் இல்லை.) முன் அறையில் கதிரைகளுக்கு நடுவே, பூப்போட்ட படுக்கை விரிப்பால் போர்த்தி, எஞ்சின் ஒரு விருந்தாளி மாதிரி இருந்தது. வீடெல்லாம் மண்ணெண்ணெய் மணம்.

மன்னிக்கத் தெரிந்த எனக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. முகாமில் அந்தப் பாடம் நடந்தபோது நான் கன்னக்குழியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். பேசாமல் குந்தி ஒரு நண்டை எடுத்தேன். அது என் விரலைக் கவ்வியது. நான் அழத் தொடங்கினேன். விரலுக்காகவா என்று மாமி கேட்கவில்லை.

"கருவாடு நான் எடுக்கேல்ல. பூனைதான்," என்றார். கொஞ்ச நேரம் நண்டின் ஓட்டைக் கழற்றினார். "சம்மந்தத்தைக் குழப்பினது நான்தான்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அந்தப் பெடியன் இந்தியாவில இருக்கேக்க ஒரு பிள்ளையைக் கட்டினவன். குழந்தையும் இருக்கு. விட்டிட்டு வந்திட்டான். உங்கட அம்மாவிட்டச் சொன்னால், பொறாமையில சொல்லுறன் எண்டு நினைப்பா. அதான் அங்கால போய், பொம்பிளைக்கு வாய்த்துடுக்கு கூட எண்டு சொன்னனான். அவங்களே விட்டிட்டுப் போகட்டும் எண்டு." பிறகு, "இதை ஆருக்கும் சொல்லாத. உன்ர அக்காவுக்கு மனம் நோகும்," என்றார்.

சொல்லாதே என்றதை வேலி தாண்டிய கையோடு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா அடுப்பை அணைத்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது இருவர் கண்ணும் சிவந்திருந்தன, ஆனால் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து விரலில் துணி சுற்றிவிட்டாள். நல்லாய் இறுக்கித்தான் சுற்றினாள்.

அம்மா அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே மன்னிப்பு என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை என்று மாமா பிறகு சொன்னார். அம்மா மூக்கைச் சுளித்து, "என்ன மச்சாள், வீட்டுக்குள்ள இப்பிடி மண்ணெண்ணெய் மணக்குது?" என்றாராம். மாமி, "அந்தச் சனியனைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கோ," என்றாராம். அவ்வளவுதான் உடன்படிக்கை.

அடுத்த நாள் போட் கடலுக்குப் போனது. கரையில் போட்டைத் தள்ளும்போது மாமா வேண்டுமென்றே இரண்டு தரம் நாரியைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு தனியே தள்ளினார்.

இதெல்லாம் நடந்து பல வருசமாகிவிட்டது. அக்கா நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டாள். எனக்கும் கல்யாணமானது. மன்னார் டவுனில் இருந்து மாப்பிள்ளை. கல்யாணம் முடிந்து முதல் விருந்துக்கு வந்தவரை மாமி தனியே கூப்பிட்டு உட்காரவைத்தார். ஏதோ ஆசீர்வாதம் சொல்லப்போகிறார் என்று அவரும் தலையைக் குனிந்தார்.

"தம்பி, இவள் ஏசினால் பயப்பிடாதேங்கோ. சாமானை எறிஞ்சாலும் பரவாயில்ல," என்றார் மாமி. "உங்களை மன்னிக்கிறன் எண்டு தொடங்கினால் மட்டும், இங்கால எங்கட வீட்டுக்கு ஓடி வந்திடுங்கோ."

அவர் இதுவரை நாலைந்து தரம் ஓடியிருக்கிறார்.